கவிப்பிரியா எழுதிய இரண்டு வரிகள்

"இன்னாங்க இது… வரிசைன்னு ஒன்னு இருக்குதுல்ல?"

பின்னாலிருந்து வந்த குரலுக்குக் கவிப்பிரியா திரும்பவில்லை. நல்ல வீட்டில் வளர்ந்த பெண் வரிசையை முறிக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் மணி நாலு இருபது. ஐந்து மணிக்கு, அவள் விண்ணப்பம் போட வேண்டிய நிறுவனத்தின் போர்ட்டல் மூடிவிடும். மழையில் திருத்தணி முழுக்கக் கரண்ட் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஜெராக்ஸ் கடையில் மட்டும்தான் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷங்க… ஒரே ஒரு பேப்பர் ஸ்கேன் பண்ணணும்…"

"எனக்கும் ஒரே ஒரு பேப்பர்தான். ஆனா நான் அரை மணி நேரமா நின்னுகினு இருக்கறேன்."

அப்போதுதான் திரும்பினாள்.

நெற்றியில் ஒட்டிய ஈர முடி… கோபத்துக்காகச் சுருக்கி வைத்த புருவம்… ஆனால் அந்தக் கண்கள்? அவற்றுக்குக் கோபப்படவே தெரியவில்லை. மழை நின்ற பிறகும் இலையில் தங்கி நிற்கும் நீரைப் போல, உள்ளே ஏதோ ஒன்று சிரித்துக்கொண்டே இருந்தது.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரி பேப்பரா?" என்று கேட்டான்.

"இல்லைங்க. இருநூத்தி நாப்பது பேருக்குக் காது கேக்கல."

அவன் தன் கையிலிருந்த தாளை மடித்தான். சட்டைப்பையில் வைத்தான். பிறகு அரை அடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"போங்க… சீக்கிரம்."

அவள் வேலையே அதுதான். ஒரு மாடி அறையில் இயங்கும் சின்ன அறக்கட்டளைக்கு நிதி தேடுவதும், நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதும். யார் மரம் நடக் கொடுப்பார்கள், யார் பள்ளிக் கழிப்பறைக்குக் கொடுப்பார்கள், யாருக்கு எப்போது கடைசித் தேதி… எல்லாம் ஒரு தடித்த நோட்டில் வைத்திருந்தாள். ஆர்.கே.பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் விசைத்தறிச் சத்தத்தில் காதைப் பறிகொடுத்த பெண்கள் இருநூற்று நாற்பது பேர். அவர்களுக்குப் பரிசோதனை முகாமும் காது மெஷினும் வேண்டும். கண்ணுக்குக் கொடுப்பவர்கள் உண்டு, இருதயத்துக்கு உண்டு. காதுக்கு யாரும் இல்லை. எட்டு மாதம் தேடி, பெங்களூரில் ஒரே ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அதற்குத்தான் இன்று கடைசி நாள். செயலாளர் ஜெகநாதன் சீல் குத்திக் கொடுத்த உறுதிமொழித் தாள் ஒன்றுதான் பாக்கி.

ஸ்கேன் முடிந்தது. மணி நாலு முப்பத்தெட்டு. கடையின் நெட் போயிற்று.

"ஐயோ…" என்றாள். சின்னக் குரல்தான். ஆனால் கேட்டவனுக்கு என்னவோ செய்தது.

"என் போன்ல சிக்னல் ரெண்டு கோடு இருக்குது. ஹாட்ஸ்பாட் போடறேன். லேப்டாப்ப இந்தப் பக்கம் கொண்டாங்க."

கடை வாசலில், தகரத்தின் கீழ், ஒரு கையால் போனை மழைக்குள் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் அவன். சட்டைக்கை நனைந்து முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. பத்து சதவீதம்… முப்பது… அறுபத்திரண்டில் நின்றுவிட்டது. அவன் போனை இன்னும் உயரத் தூக்கினான். பிறகு நகர்ந்தது. நாலு ஐம்பத்தாறுக்கு, 'பெற்றுக்கொண்டோம்' என்று பச்சை எழுத்தில் வந்தது.

அவள் சிரித்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாமோ என்று பிறகு மூன்று நாள் யோசித்தான்.

"உங்க பேப்பர்?" என்றாள் அவள், குற்ற உணர்ச்சியோடு.

"அதுவா… எங்கம்மா பேர ரயில்வே மெடிக்கல் கார்டுல சேர்க்கணும். நாளைக்குக் குடுத்தாலும் வாங்கிக்குவாங்க."

எவ்வளவு நல்ல பிள்ளை… என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் போன் வழியாக என்ன போயிற்று என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

அவன் பெயர் விஜயன். அரக்கோணத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் டெக்னீஷியன். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலில் திருத்தணி வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டைக்கு வீட்டுக்குப் போவான். இதெல்லாம் அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. அவள் அதே கடைக்கு, அவசியமே இல்லாத ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தாள். அவனும் அப்படியே.

"பேர்ல கவி இருக்குது. ஆனா எழுதறது அப்ளிகேஷனா?"

"ஏன், உங்க பேர்ல ஜெயம் இருக்குது. வரிசையில தோத்துட்டீங்களே?"

"தோக்கல. உட்டுக் குடுத்தேன்."

"ஆங்… ரெண்டும் ஒன்னுதான்."

மூன்றாவது சனிக்கிழமை மலைக்குப் படியேறினார்கள். அவள் ஒரு படி முன்னால், அவன் ஒரு படி பின்னால். ஊர் பார்க்கிற இடத்தில் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி. விரல்கூடப் படவில்லை. அந்த ஒரு படி இடைவெளியில் இருந்த நெருக்கம், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நடப்பவர்களுக்குக் கிடைக்காது.

"படிய எண்ணிக்கினே ஏறாத கவி. மூச்சு வாங்கும்."

கவி… 'ங்க' எப்போது உதிர்ந்தது? அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இன்னும் இரண்டு படி ஏறினாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

மேலே காற்று வாங்கும்போது அவன் தன் தாயைப் பற்றிச் சொன்னான். காது மந்தம் என்றான். தறிச் சத்தம் என்றான். மெஷின் வாங்கிக் கொடுத்தும் கெட்டுப்போகும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள் என்றான். கவிப்பிரியா கேட்டுச் சிரித்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு தாய் இருக்கிறாள்; தன் பட்டியலிலேயே இருநூற்று நாற்பது பேர். தனியாக ஒருத்தியை நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை அவர்களின் அதிகாரி நேரில் வருகிறார். விண்ணப்பத்தில் உள்ள 'வள்ளியம்மாள்' என்ற பெண்மணியைச் சந்திக்க வேண்டும். அதற்கு முன், அவரைப் பற்றி எழுதியதைத் தமிழில் அவருக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும்.

வள்ளியம்மாள் என்பது மாற்றி எழுதிய பெயர். இப்படி ஒரு ஆளின் கதையை முன்னால் வைத்தால்தான் கொடுப்பவர் மனம் இளகும். இந்தத் தொழிலின் வழக்கம் அது. களப்பணியாளர் ஜெயம்மா குறித்துக்கொண்டு வந்த விவரங்களைப் பார்த்து அதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள் கவிப்பிரியா. இப்போது அவளே அதைத் தமிழாக்கி, படித்துக் காட்டச் சொல்லி ஜெயம்மாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் பகல். ஆபீஸ் படியில் காலடிச் சத்தம். நிமிர்ந்தாள்… விஜயன்!

இன்று சனிக்கிழமை இல்லையே… முகம் மலர எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கண்களுக்கு இப்போது கோபப்படத் தெரிந்திருந்தது.

மேசைமேல் ஒரு தாளை வைத்தான்.

"இத எழுதினது யாருங்க?"

'ங்க' திரும்பி வந்துவிட்டது. அதுதான் முதலில் தைத்தது.

"நான்தான்… ஏன் விஜயன்?"

"படிங்க. கடைசி ரெண்டு வரி."

அவள் படித்தாள். அவளே எழுதியது. 'ஒரே மகன் வெளியூரில் வேலையில் இருந்தும் தாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கைவிடப்பட்ட இவருக்கு எங்களை விட்டால் யாருமில்லை.'

"நேத்து எங்க தெருவுல மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தியிருந்தாங்க. ஒரு தறி ஓடல. உங்க ஜெயம்மா வந்து, எங்கம்மாவுக்குக் காதுல ஏறணுமேன்னு, தொண்ட கிழிய இத படிச்சிருக்காங்க. தெருவே வாசல்ல நின்னு கேட்டிருக்குது."

அவள் தாளில் இருந்த பெயரைப் பார்த்தாள். "வள்ளியம்மாள்னா…"

"கௌரியம்மாள். எங்கம்மா."

அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"எங்க நைனா செத்தப்ப எனக்குப் பதினோரு வயசு. எங்கம்மா ஒருத்தியா ரெண்டு தறி ஓட்டினாங்க. அவங்க காது எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க? என் ஸ்கூல் பீஸுக்குப் போச்சு, என் பாலிடெக்னிக்குக்குப் போச்சு. நான் திரும்பிப் பார்க்கலையா? சேதி கேட்டு ராத்திரியே ஓடி வந்தேன். காலைல எதிர்வீட்டுப் பொம்பள கேக்கறாங்க… 'ஏம்பா விஜயா, அம்மாவ கவனிக்கறதில்லையாமே'ன்னு."

"ஜெயம்மா நோட்டுல 'மகன் வெளியூர், மெஷின் இல்லை'ன்னுதான் இருந்துச்சு… அந்தப் படிவத்துல ஒரு கேள்வி, குடும்பம் ஏன் உதவலைன்னு… காலியா விட்டா மார்க் போயிடும்… அதனால நானா…"

"தெரியலன்னு எழுதியிருக்கலாமேங்க."

அவ்வளவுதான். அவன் குரலை உயர்த்தவில்லை. படியிறங்கிப் போய்விட்டான். அன்று மழைக்குள் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற கை, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போயிற்று.

ஒரு குடும்பத்தின் பெயர் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு பெண் இருபது வருடம் தறியின் முன் நின்று சேர்த்தது அது. அதை இரண்டு வரியில் அழித்திருந்தாள் கவிப்பிரியா, மார்க்குக்காக. அவள் அழுதாள். அழுவதால் எதுவும் சரியாகாது என்று அவளுக்கே தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெகநாதனிடம் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு ஏம்மா இவ்ளோ கலவரம்? பேரு மாத்தின பேருதானே. அடுத்த வியாழக்கிழமை வேற ஒரு அம்மாவ காட்டிட்டா போச்சு."

"அது இன்னொரு பொய் சார்."

"உண்மைய எழுதினா மொத்தமும் போயிடும். இருநூத்தி நாப்பது பேரு… யோசன பண்ணிக்கோ."

"யோசிச்சுட்டேன் சார். அவங்க காது கேக்கணும்னு அவங்க மானத்த விக்க எனக்கு உரிமையில்ல. தப்பு என்னோடதுன்னு என் பேர் போட்டே எழுதறேன். நீங்க சீல் மட்டும் குத்துங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே சீலை எடுத்தார்.

கடிதம் போயிற்று. அந்த இரண்டு வரிகள் உண்மையல்ல, விசாரிக்காமல் நானே எழுதினேன், அந்த மகன் தாயைக் காப்பவர். பதிலும் சாயங்காலமே வந்தது. 'நேரில் வந்து பார்த்த பிறகு முடிவு சொல்கிறோம்.' ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

ஆனால் அவளை உறுத்தியது அதுவல்ல. பெங்களூருக்கு எழுதியாயிற்று… அந்தத் தெருவுக்கு?

அதிகாரி வர இன்னும் ஆறு நாள் இருந்தது. வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை போனாள். சனிக்கிழமை போனால் அவன் இருப்பான். அவனை இளக்க வந்தாள் என்று ஆகிவிடும். அவன் திரும்பி வருவான் என்ற ஆசையைத் திருத்தணி பஸ் நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். இறக்கி வைத்ததாக நினைத்தாள்.

ஆர்.கே.பேட்டையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் அறைந்தது. இரண்டு பக்கமும் லுங்கித் தறிகள். தரையே அதிர்ந்தது. இத்தனை மாதம் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்… ஒருநாள்கூட நின்று கேட்டதில்லை.

வீட்டு வாசலில் கௌரியம்மாள் நூல் சுற்றிய தார்க்குச்சிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒட்டினாற்போல் இருந்த கொட்டகையில் அவர்கள் தறி ஓடியது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. விஜயனின் கண்கள் இங்கிருந்துதான் வந்தன என்று பார்த்ததும் தெரிந்தது.

"அம்மா… நான் கவிப்பிரியா. அந்தப் பேப்பர எழுதினவ."

"ஆங்?"

"அந்தப் பேப்பர நான்தாம்மா எழுதினேன்!"

"உரக்கச் சொல்லும்மா. தறி ஓடுது பாரு."

கவிப்பிரியா மூச்சை இழுத்துக்கொண்டாள். வீட்டில்கூட உரக்கப் பேசி வளராத பெண். தெருவின் நடுவில் நின்று கத்தினாள்.

"உங்க பையன் உங்கள பார்க்கறதில்லைன்னு எழுதினது நான்! அது பொய்! யாரையும் கேக்காம எழுதினேன்!"

எதிர்வீட்டுத் தறி நின்றது. ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்ல! உங்களுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தாரு! மெடிக்கல் கார்டுல உங்க பேர சேர்க்க மழையில வரிசையில நின்னாரு! என் கண்ணால பார்த்தேன்!"

பக்கத்துத் தறி நின்றது. அதற்கடுத்தது. தெரு நெடுக ஒவ்வொன்றாக அடங்க, வாசல்களில் பெண்கள் நிறைந்தார்கள். சத்தம் அடங்கியதைக் கவிப்பிரியா கவனிக்கவில்லை. குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா! உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன்! மன்னிச்சுடுங்க!"

இப்போது தெருவில் ஒரே ஒரு தறிதான் ஓடியது… கௌரியம்மாளின் கொட்டகையில்.

கௌரியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். பக்கத்தில் வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எம்மேலயும் பாதி இருக்குது. மெஷின் இருக்குதான்னு ஜெயம்மா கேட்டுச்சு. இருக்குதுன்னா பேர எடுத்துடுவீங்களோன்னு இல்லைன்னுட்டேன். அந்த அதிகாரி வரட்டும். நானே பேசறேன். எம்புள்ள எனக்கு வாங்கித் தந்தான், இந்தத் தெருவுல முப்பது பேருக்கு வாங்கித் தர ஆளில்லைன்னு சொல்றேன். ஆனா ஒன்னு… வள்ளியும் வேணாம், தெய்வானையும் வேணாம். என் பேர போடு. கௌரியம்மாள்னு போடு."

கவிப்பிரியா தலையாட்டினாள். கண்ணீர் நிற்கவில்லை.

"அதான் சொல்லிட்டேன்ல. இன்னும் ஏன் அழுவற? எழுத்துல ஒரு தப்புக்கு இம்மா அழுகையா?" கிழவியின் கண் கூர்மையானது. "ஆமா… அவன் மழையில நின்னத நீ எப்படிப் பார்த்த? எம்புள்ளய உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா!"

"எப்படி?"

ஜெராக்ஸ் கடையில் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை எழுதிய கையோடு அவள் அங்கே வந்திருந்தாள். இன்னொரு பாதி உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"அவர எனக்கு…"

கொட்டகையில் அந்தக் கடைசித் தறி நின்றது.

"…ரொம்பப் பிடிக்கும்மா!"

அமைதியான தெருவில் அந்தக் குரல் கோடி வரை போயிற்று. வாய் பொத்திச் சிரிப்பு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கவிப்பிரியா விதிர்த்துப்போய் உதட்டைக் கடித்தாள். கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது.

தலையெல்லாம் பஞ்சுத் துகள்… கையில் எண்ணெய்க் கறை… விஜயன்!

"நீ… நீங்க… இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே…"

"ஊர்ப் பேச்சுல அம்மா தனியா இருக்க வேணாம்னு லீவு போட்டு வந்தேன்." அவன் குரல் கரகரத்தது. "ரெண்டு நாளா யோசிச்சுகினு இருக்கறேன்… அந்தப் பேப்பர உன் மேசையில வச்சுட்டுக் கோவிச்சுகினு போவாம, உக்காந்து கேட்டிருக்கலாமேன்னு. எனக்கும் ரோஷம் கண்ண மறைச்சிடுச்சு."

உன்… அவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"இன்னாடா சொன்னா இந்தப் பொண்ணு? கடைசில சொன்னது எனக்குச் சரியா கேக்கல," என்றாள் கௌரியம்மாள், கேட்காதவள் முகத்தோடு.

தெரு முழுக்க அவனையே பார்த்தது. ரோஷக்காரன், தெருவில் நின்று இப்படியெல்லாம் பேசுகிற வம்சமில்லை. அவன் கவிப்பிரியாவின் முன்னால், ஒரு படி தூரத்தில் வந்து நின்றான். அவளுக்கே எட்டுமோ எட்டாதோ என்னும்படி, மூச்சைவிடச் சின்னக் குரலில் சொன்னான்.

"எனக்கும்தான் கவி… அன்னிக்கு நீ சிரிச்சதுலேருந்து. காலம் பூரா என்கூட இருப்பியா?"

அவளுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டிருந்தது. நனைந்த இமைகளைத் தாழ்த்தி, ஒருமுறை, மெல்லத் தலையை அசைத்தாள்.

தெருவில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பொறுக்காமல், "இன்னா கௌரிக்கா, இன்னா சொன்னான் உம்புள்ள?" என்று கையை ஆட்டிக் கேட்டாள்.

இருபது வருடம் தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவள் கௌரியம்மாள். அதிலும் அவன் உதடு… அவன் மழலை பேசிய நாளிலிருந்து அவள் படித்துவரும் எழுத்து அது.

"எங்க வீட்டு விஷயம்," என்றாள் நிமிர்ந்து. "எல்லாரும் போயி தறிய ஓட்டுங்கடி."

பிறகு கவிப்பிரியாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.